ராடார் வீட்டு முனி

இல்லாத ஒரு முனியை இருப்பதாகச் சொல்லி ஊரை நம்ப வைத்தவன் நான். அந்தப் பொய்யால் ஒருவன் தன் வலது பாதத்தை இழந்தான். அவன் உள்ளே கிடந்து கத்துகிறான் என்று தெரிந்த பிறகும் நான் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். சுற்றி வளைத்துச் சொல்ல ஆரம்பித்தால் நடுவில் எங்காவது என்னை நானே மன்னித்துவிடுவேன். எனக்கு அந்தப் பழக்கம் உண்டு.

கல்லூரியில் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். ஆவடியைத் தாண்டி வெள்ளானூர்ப் பக்கம் மனை வாங்கி வீடு கட்டிக்கொண்டு வந்தோம், நானும் மனைவியும். காலையில் ஏரிக்கரையில் நடப்பேன். நடந்து முடித்ததும் கரையடியில் உள்ள டீக்கடையில் ஒரு டீ. அங்கே என்னைப் 'புரபசர்' என்றுதான் கூப்பிடுவார்கள். நான் அதிகம் பேசாதவன் என்பதால் எனக்கு அங்கே ஒரு மதிப்பு இருந்தது. பிறகு நடந்ததற்கு அந்த மதிப்பும் ஒரு காரணம்.

கரைக்கு அந்தப் பக்கம் சீமைக்கருவேலக் காட்டுக்குள் ஒரு பழைய கான்கிரீட் கட்டடம் இருக்கிறது. ஊரில் அதை 'ராடார் ஊடு' என்பார்கள். யார் கட்டினார்கள், எதற்கு என்று கேட்டால், "வெள்ளக்காரன் சண்ட காலத்துல போட்டது சார்" என்பதற்கு மேல் ஒருவருக்கும் தெரியாது. இடம் மிலிட்டரிக்குச் சொந்தம் என்பார்கள் சிலர். புறம்போக்கு என்பார்கள் சிலர். வேலி இல்லை, பலகை இல்லை.

கடல் அங்கிருந்து கிழக்கே வெகு தூரம். கடற்கரையைக் காவல் காக்க வைத்த ராடாருக்கு இந்த முள்காட்டில் என்ன வேலை என்று எனக்கு முதலில் புரியவில்லை. கரையோரம் இருக்கும் நிலையங்கள் குண்டுக்கு முதலில் இரையாகும். அதனால் அவை பார்த்துச் சொல்வதைச் சேர்த்து வைத்துக்கொள்ள உள்ளே தள்ளி ஓர் அறை தேவைப்பட்டிருக்கும். இது என் ஊகம்தான். ஜப்பான்காரன் வருகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு ஓடிய கதையை அப்பா சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். அந்தப் பயத்தின் மிச்சம் என் வீட்டுக்குப் பக்கத்திலேயே நிற்கிறது என்று தெரிந்தபோது சந்தோஷமாகத்தான் இருந்தது.

முதல் தடவை தனியாகத்தான் போனேன். வாசலுக்கு நேரே ஒரு தடித்த சுவர். வெளியே குண்டு விழுந்தால் அதிர்ச்சி உள்ளே போகாமல் தடுக்க அப்படிக் கட்டுவார்கள். அதைச் சுற்றி ஒரு தடவை திரும்ப வேண்டும், உள்ளே போய் இன்னொரு தடவை. இரண்டாவது திருப்பத்தில் பகல் முடிந்துவிடும். செல்போன் வெளிச்சத்தில் பார்த்தேன். நீளமான ஒரே அறை, ஜன்னல் கிடையாது. வௌவால் எச்சத்தின் நெடி. சுவரில் கறுப்புச் சாயத்தில் ஓர் அம்புக்குறி, அதன் பக்கத்தில் தேய்ந்துபோன ஆங்கில எழுத்துகள். தரையின் நடுவே, கேபிள்கள் போவதற்காக வெட்டிய இடுப்பளவு ஆழமான வாய்க்கால் அறை நெடுகப் போயிற்று. அதன் மேல் கான்கிரீட் பலகைகள் மூடியிருந்தன. சில இடங்களில் பலகை இல்லை.

தொண்டையைச் செருமினேன். கொஞ்சம் பொறுத்து வாய்க்காலின் மறுகோடியிலிருந்து ஒருவர் செருமினார்.

எதிரொலிதான். ஒலி அந்தக் குழிக்குள் போய்ச் சுவரில் முட்டித் திரும்புகிறது. எத்தனை வருஷம் கரும்பலகையில் அதைப் படம் போட்டிருப்பேன்! ஆனாலும் என் பிடரி மயிர் நின்றது. நான் ஓடவில்லை, நடந்தும் வரவில்லை. வெளியே வெயிலில் வந்து நின்றபோது சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

அடுத்த நாளும் போனேன். வெளியே, வயர்லெஸ் கோபுரத்தின் கால்கள் நின்ற நான்கு மேடைகளையும் அவற்றில் மணிக்கட்டுத் தடிமனில் நின்ற போல்ட்டுகளையும் அளந்தேன், வரைபடம் போட்டேன். இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுத வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. வாழ்நாள் முழுக்க மற்றவர்கள் கண்டுபிடித்ததைச் சொல்லிக்கொடுத்தவனுக்கு, தானே கண்டுபிடித்த ஒன்று என்றால் சும்மாவா?

ஆனால் சாயங்காலமானால் அங்கே குடிக்க ஆள் வந்தது. காலையில் போனால் கால் வைக்க இடமில்லாமல் பாட்டில் சில்லு. அதைவிடக் கொடுமை, பழைய இரும்புக்காகப் பலகைகளை உடைத்துக் கம்பிகளை உருவிக்கொண்டு போனார்கள். ஒரு நாள் மேடையின் போல்ட் ஒன்று பாதி அறுபட்டு நின்றது. கிராம அலுவலகத்தில் போய்ச் சொன்னேன். சர்வே நம்பர் கேட்டார்கள். நானே ஒரு தகரத்தில் 'இது வரலாற்றுச் சின்னம், சேதப்படுத்தாதீர்' என்று எழுதி மாட்டினேன். மறுநாள் கழற்றிக் கீழே போட்டிருந்த அந்தத் தகரத்தின் மேல் ஊறுகாய்ப் பாக்கெட்டும் மிச்ச மிக்சரும் இருந்தன.

யோசனை எனக்கு எங்கள் மனைப்பிரிவின் காம்பவுண்டுச் சுவரில் கிடைத்தது. 'இங்கே சிறுநீர் கழிக்காதீர்' என்று சங்கத்தில் எத்தனை முறை எழுதியும் பலனில்லாமல், கடைசியில் சாமி படம் போட்ட டைல்ஸ் வாங்கி வரிசையாகப் பதித்துவிட்டார்கள். அன்றிலிருந்து சுவர் காய்ந்து கிடக்கிறது. நம் ஊரில் எந்தச் சட்டமும் செய்யாததை ஒரு டைல்ஸ் செய்கிறது என்று சங்கக் கூட்டத்தில் நானே கேலி பேசியிருக்கிறேன்.

ஒரு நாள் விடியற்காலையில் ஏரியோரத்திலிருந்து ஒரு கல்லைத் தூக்கிக்கொண்டு போய் ராடார் வீட்டு வாசலில் நட்டேன். மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தேன். வீட்டில், எப்போதோ யாரோ தாம்பூலத்தோடு வைத்துக்கொடுத்த சிவப்பு ரவிக்கைத் துணி ஒன்று இருந்தது. அதைச் சுற்றினேன். முன்னால் எலுமிச்சம்பழம் அறுத்து வைத்தேன். சிரிப்புதான் வந்தது.

பிறகு டீக்கடைக்குப் போய் டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றேன்.

"இன்னா புரபசர், மொகம் ஒரு மாதிரி கீது?" என்றார் டீக்கடைக்காரர்.

"ராடார் வீட்டுப் பக்கம் போயிருந்தேன்."

"அங்க இன்னாத்துக்கு சார் போறே? குடிகாரப் பசங்க பேட்டை அது."

"உள்ளே ஆள் யாரும் இல்லை. ஆனால் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டது."

பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஆட்டோக்காரர் தலையைத் தூக்கினார். "எது சார் கூப்டுச்சு?"

"தெரியவில்லை. உங்களுக்குத் தெரியும், எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன். உள்ளேயிருந்து யார் குரல் கேட்டாலும் போகாதீர்கள்."

பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு வந்தேன். நடிப்பில் எனக்கு அவ்வளவு திறமை இருக்கும் என்று நினைத்ததில்லை. அந்தக் கடைசி வாக்கியத்தை நான் யோசித்து வைத்திருக்கவில்லை, பேச்சு வேகத்தில் வந்து விழுந்தது. அதுதான் பிறகு ஒரு மனிதனின் மேல் விழுந்தது.

ஒரு வாரத்தில் குடிப்பவர்கள் வரவில்லை. கல்லுக்கு முன்னால் புதுப் பூ இருந்தது, நான் வைக்காத பூ. யாரோ ஒரு சின்ன அரிவாளும் ஊன்றியிருந்தார்கள். அங்கே ஆடு மேய்க்கும் ஓர் அம்மா இருந்தாள். மழை வந்தால் ஆடுகளை அந்த அறைக்குள்தான் ஓட்டி நிறுத்துவாள். இப்போது கரை மேலேயே நனைந்துகொண்டு நின்றாள்.

"ஏம்மா, உள்ளே ஓட்டக் கூடாதா?"

"நீதானே சார் சொன்னே, கூப்டுதுன்னு? எம் மாமியா காலத்துலயே அங்க முனி கீதுன்னு சொல்லுவாங்க. நாந்தான் மறந்து பூட்டேன்."

அவள் மாமியார் அப்படிச் சொல்லியிருக்க வாய்ப்பே இல்லை. அந்த அம்மாவிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். கட்டடம் பத்திரமாக இருக்கிறதே என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

இன்னொன்றும் நடந்தது. கட்டுரைக்குச் சில அளவுகள் பாக்கி இருந்தன. எடுக்கப் போனேன். கல்லைத் தாண்டி முதல் திருப்பம் வரை போனவனுக்கு அதற்கு மேல் கால் வரவில்லை. உள்ளே ஏதோ சொட்டிக்கொண்டிருந்தது. கேட்டுக்கொண்டே நின்றேன். என் பெயர் வந்துவிடுமோ என்று காத்துக்கொண்டிருக்கிறேன் என்பது எனக்கே தாமதமாகத்தான் புரிந்தது. நான் நட்ட கல். என் வீட்டு ரவிக்கைத் துணி. திரும்பி வரும்போது செருப்பைக் கழற்றிக் கையில் வைத்திருந்தேன். எப்போது கழற்றினேன் என்று நினைவில்லை. அதற்குப் பிறகு நான் உள்ளே போகவில்லை.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள். காலை நடை இல்லை. மத்தியானம் சற்று விட்டதும் குடையை எடுத்துக்கொண்டு டீக்கடைக்குப் போனேன். கடையில் கூட்டம். ஆடு மேய்க்கும் அம்மா நடுவில் நின்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

"காலீல இருந்து சார்! 'யம்மா, யம்மா'ன்னு. அப்பறம் 'யாராச்சும் வாங்களேன்'னு. நா ஆட்ட உட்டுட்டு ஓடியாந்துட்டேன்."

"நானும் கேட்டேன்" என்றார் ஆட்டோக்காரர். "கரை மேல வண்டிய நிறுத்தினேன் பாரு, தெளிவா கேட்டுச்சு. ஆம்பள கொரலு. இன்னா அழுவ அழுவுது தெரியுமா மாமே! அப்டியே நம்ம ஆளு மாதிரியே."

"அது அப்டித்தான் கூப்டும். போனே, அவ்ளோதான்" என்ற டீக்கடைக்காரர் என்னைப் பார்த்ததும், "தோ, புரபசரே வந்துட்டாரு. அன்னிக்கே சொன்னாருல்ல" என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

அந்தக் கடையில், அந்த ஊரில், அங்கே முனி இல்லை என்று நிச்சயமாகத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். முனி இல்லை என்றால் கத்துவது மனிதன். இரும்புக்கு வந்தவனாக இருப்பான். பலகை சரிந்திருக்கும். வாய்க்காலில் மழைத்தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும். இவ்வளவும் எனக்கு ஒரு நொடியில் தெரிந்தது. வாயைத் திறந்து, "அது மனுஷன், வாருங்கள் போகலாம்" என்று சொன்னால் போதும். எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். அதற்கு ஒரே ஒரு பதில்தான் இருந்தது.

நான் தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

காற்றாக இருக்கும், வாய்க்காலில் தண்ணீராக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காற்று 'யாராச்சும் வாங்களேன்' என்று சொல்லாது. மழை மறுபடி வலுத்தது. மனைவி வந்து, "ஏங்க, உடம்பு சரியில்லையா? சாப்பாட்ட அப்படியே வெச்சிருக்கீங்க" என்றாள். ஒன்றுமில்லை என்றேன். இந்நேரம் யாராவது போயிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். யாரும் போயிருக்க முடியாது. அதற்குத்தானே நான் அவ்வளவு பாடுபட்டேன்?

வெளிச்சம் மங்கத் தொடங்கியதும் இருக்க முடியவில்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். தைரியம் வந்து கிளம்பினேன் என்று நினைக்க வேண்டாம். இருட்டிய பிறகு அந்தக் குரலை நினைத்துக்கொண்டு படுக்க முடியாது என்ற பயம்தான் தள்ளியது.

கரை மேல் நின்று கேட்டேன். சத்தமே இல்லை. அது குரலைவிட மோசமாக இருந்தது. கல்லைத் தாண்டினேன், முதல் திருப்பம், இரண்டாவது திருப்பம். டார்ச் வெளிச்சம் தண்ணீரில் பட்டு மேல்தளத்தில் ஆடியது. "யாருப்பா உள்ளே?" என்றேன். கோடியிலிருந்து என் குரல் திரும்பி வந்தது. அதற்குப் பிறகு, மிக மெதுவாக, இன்னொரு குரல்.

"கிட்ட வராத."

வாய்க்காலுக்குள் ஒருவன் மார்பளவு தண்ணீரில் சாய்ந்து கிடந்தான். முப்பது வயது இருக்கும். வலது கால் பலகைக்கு அடியில் இருந்தது. வெள்ளை வேட்டி, வெள்ளைத் தலை, கையில் வெளிச்சம். நான் அவனுக்கு எப்படித் தெரிந்திருப்பேன் என்பது அவன் கையெடுத்துக் கும்பிட்டபோதுதான் புரிந்தது.

"உட்ரு சாமி. தெரியாம வந்துட்டேன் சாமி. கொயந்த கீது சாமி."

என்னைப் பார்த்து யாரும் அப்படிப் பயந்ததில்லை. நான் மனுஷன்தான், பக்கத்து மனையில் குடியிருக்கிறேன் என்று என்னென்னவோ சொன்னேன். பலகையைத் தூக்கிப் பார்த்தேன், அசையவில்லை. அவன் என் வேட்டியைப் பிடித்துக்கொண்டான். ஆள் கூட்டிவருகிறேன் என்றால் விடமாட்டேன் என்றான். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு ஓடினேன்.

டீக்கடைக்காரரும் ஆட்டோக்காரரும் கடைப்பெஞ்சில் இருந்த இன்னும் சிலரும் கடப்பாரையோடு வந்தார்கள். வாசல் சுவர் வரைதான் வந்தார்கள்.

"சூடம் ஏத்தாம நா உள்ள கால் வெக்க மாட்டேன் சார். எனக்கும் புள்ள குட்டி கீது" என்றார் டீக்கடைக்காரர்.

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். இந்தக் கல் நான் நட்டது, தள்ளிவிட்டு வாருங்கள் என்று. நான் சொல்லவில்லை. மழையில் நனைந்த தீப்பெட்டியை வாங்கிக் குச்சி குச்சியாகக் கிழித்தேன். எதுவும் பற்றவில்லை. உள்ளே அவன், "சாமி, பூட்டியா சாமி" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். கடைசியில் ஆட்டோக்காரரின் லைட்டரில் சூடம் பிடித்தது. நான் நட்ட கல்லுக்கு நானே ஆரத்தி காட்டினேன். எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தார்கள். வந்த பிறகு பலகையைப் புரட்ட அதிக நேரம் ஆகவில்லை.

அரசு மருத்துவமனையில் டாக்டர் பெண் சின்னவள். "இவ்ளோ நேரம் என்ன பண்ணீங்க? கொஞ்சம் முன்னாடி கொண்டுவந்திருந்தா பாதத்தைக் காப்பாத்தியிருக்கலாம்" என்றாள். டீக்கடைக்காரர், "உசுரு பொழச்சதே சாமி புண்ணியம்மா" என்றார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவன் அண்ணனூரில் ரயில் ஷெட் பக்கம் குடியிருப்பவன். எங்கள் ஊர்க் கதை அவன் காதுக்கு எட்டவில்லை, அதனால்தான் வாசலில் கல்லைப் பார்த்தும் உள்ளே போயிருக்கிறான். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு போய்ப் பார்த்தேன். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். அவன் மனைவி கார்மெண்ட்ஸ் வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் பக்கத்தில் நின்றாள். காப்பாற்றியவர் என்று எனக்குக் கலர் வாங்கிவரச் சொன்னான். அதற்கு முன்பே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கல், துணி, டீக்கடையில் சொன்ன வாக்கியம், எல்லாம்.

அவன் புரியாததுபோல் சிரித்தான். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"கத்துறது மனுசன்னு உனுக்கு எப்போ தெரியும்?"

"மத்தியானம்."

"வந்தது எப்போ?"

"இருட்டற நேரத்துல."

அவள் உள்ளே போய்விட்டாள். பாத்திரம் ஒன்று தரையில் விழும் சத்தம் கேட்டது. அவன், "நீ போ சார்" என்றான். நான் எழுந்து படியிறங்கியபோது அவள் வெளியே வந்தாள். "வெள்ளிக்கெயமை கட்டு மாத்தணும். இட்டுகினு போவ ஆள் இல்ல. நீ வந்து இட்டுகினு போ. மன்னிப்பு கின்னிப்புன்னு ஏதாச்சும் வாயத் தொறந்தே, அசிங்கமா கேப்பேன்."

வெள்ளிக்கிழமைகளில் போகிறேன். இப்போது செயற்கைக் காலுக்கு அளவு எடுத்திருக்கிறார்கள். ஆட்டோவில் என் தோளில் கை போட்டு ஏறுவான். என்னோடு பேசுவதில்லை.

டீக்கடையிலும் சொன்னேன். எல்லோரும் இருக்கிற நேரம் பார்த்து, முனியும் இல்லை ஒன்றும் இல்லை, கல்லை நட்டவன் நான் என்றேன். ஆட்டோக்காரர் சிரித்தார். "நீயா நட்டே புரபசர்? அது உன்ன நட வெச்சுது."

"இல்லன்னு சொல்லாத சார், வயசான காலத்துல" என்றார் டீக்கடைக்காரர். "ஒரு காலோட உட்டுச்சேன்னு நெனச்சிக்கோ."

மறுநாள் கல்லைப் பிடுங்கி ஏரியில் போட்டேன். அந்த வாரமே அதைவிடப் பெரிய கல் வந்தது, மேலே தகரக் கூரையோடு. அதைப் பிடுங்க என் உடம்பில் வலு இல்லை.

இரும்புக்கு வருகிறவர்கள் வெளியூரிலிருந்து இன்னும் வருகிறார்கள். பலகைகள் இன்னும் தளர்ந்து கிடக்கின்றன. இன்னொருவன் உள்ளே விழுந்தால் அவனும் கத்துவான், இந்த ஊர் இப்போதும் காதைப் பொத்திக்கொள்ளும். இந்தப் பயத்தில் தினமும் சாயங்காலம் நான் அங்கே போகிறேன். இரண்டாவது திருப்பம் வரை போய், "யாராவது உள்ளே இருக்கீங்களா?" என்று உரக்கக் கேட்கிறேன். பதில் வராது என்று நிச்சயமாகும் வரை நிற்கிறேன். என் குரல் கோடிவரை போய்த் திரும்பி வரும்போது இன்றும் ஓரடி பின்னால் வைத்துவிடுகிறேன். கட்டுரையை எழுதவில்லை. இனி எழுதப்போவதும் இல்லை.

போன வாரம் கரையில் ஆடு மேய்க்கும் அம்மா என்னை வழிமறித்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"சாயங்காலமானா அங்க போவாத சார். மறுபடியும் கூப்பிட ஆரமிச்சிடுச்சு. 'யாராச்சும் உள்ள கீறீங்களா'ன்னு கேக்குது."

"அது நான்தான் அம்மா. தினமும் நான்தான் போய்க் கேட்கிறேன்."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். ஆடுகளை அவசரமாகத் திருப்பினாள். கொஞ்ச தூரம் போன பிறகுதான் திரும்பிப் பார்த்துச் சொன்னாள்.

"உன் கொரலு எனக்குத் தெரியாதா சார்? உன்ன மாதிரியேதான் பேசுது. அதனாலதான் சொல்றேன், போவாத."